பூட்டானா, சிங்கப்பூரா? வாழ்க்கை எங்கே நல்லா இருக்கு?

#1 கோவைக்குசும்பன்

போன மாதம் குடும்பத்தோடு பூட்டான் போய் வந்தேன். பாக்டோக்ராவில் இறங்கி, ஜெய்காவ் வழியாகப் புன்ட்சோலிங். ஜெய்காவ் நம் நாடு. எல்லையில் இருக்கும் வளைவைத் தாண்டினால் பூட்டான். இந்தப் பக்கம் ஹார்ன் சத்தத்தில் காது போகிறது. அந்தப் பக்கம் ஜீப்ரா கோட்டில் கால் வைத்தால் வண்டி தானாக நிற்கிறது. நடுவில் இருபதடி இருந்தால் அதிகம்.

திம்புவில் சிக்னல் விளக்கே கிடையாது. நடுரோட்டில் ஒரு சின்ன மண்டபம், அதற்குள் வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் பரதம் ஆடுகிற மாதிரி கை காட்டுகிறார். என் பையன் பத்து நிமிஷம் அசையாமல் நின்று பார்த்தான். வீட்டில் பத்து நிமிஷம் அவன் அசையாமல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

என் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கேயும் போயிருக்கிறேன். எல்லாம் சுத்தம், எல்லாம் நேரத்துக்கு. ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் அண்ணன் மடியில் லேப்டாப். பூட்டானில் கடைக்காரர் கடையைத் திறந்து போட்டுவிட்டு எதிரே போய் வில்வித்தை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பூட்டான் 38,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள் எட்டு லட்சத்துக்கும் குறைவு, நம்ம கோவை மாநகராட்சியைவிடக் கம்மி. சிங்கப்பூர் வெறும் 735 சதுர கிலோமீட்டர், அதில் அறுபது லட்சம் பேர். ஐம்பது சிங்கப்பூரைப் பூட்டானுக்குள் வைக்கலாம். என் கட்சி பூட்டான். வருகிறவர்கள் வரலாம்.

#2 புளோக்_412

அஞ்சு நாள் டூர் போய்விட்டு வந்து நாட்டுக்கே சான்றிதழா? அஞ்சு நாள் ஊட்டியில் இருந்தால் நானும் தேயிலை நிபுணர் ஆகிவிடலாம் போலிருக்கு.

ஜூரோங் வெஸ்ட்டில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, மசேநிதியிலிருந்து (மத்திய சேமநிதி) தவணை போகிறது. கீழே இறங்கினால் உணவங்காடி, ஏழு நிமிஷ நடையில் எம்ஆர்டி. என் மகள் பன்னிரண்டு வயதில் தனியாக ரயில் ஏறி டியூஷன் போய் வருகிறாள். ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்புகிறாள், என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதில்லை. இந்தச் சுதந்திரத்துக்கு என்ன விலை போடுவீர்கள், குசும்பன் அண்ணே?

1965இல் தனி நாடானபோது இந்த ஊரில் குடிக்கச் சொந்தத் தண்ணீர் போதவில்லை. இன்றும் ஒரு பகுதி மலேசியாவின் ஜொகூரிலிருந்துதான் வருகிறது. 1962இல் போட்ட ஒப்பந்தம், 2061 வரை செல்லும், ஆயிரம் கேலனுக்கு மூன்று சென். அதை நம்பியே உட்காராமல் 2003இல் கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் கொண்டுவந்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். கடலைத் தூர்த்து நிலத்தை ஏறக்குறைய கால்வாசி பெருக்கியிருக்கிறார்கள். பூட்டானுக்கு ஆறும் காடும் இயற்கை கொடுத்தது. எங்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

#3 கணக்குப்பிள்ளை

சண்டை முற்றுவதற்குள் எண்களை வைத்துவிடுகிறேன்.

தலைக்கு ஆண்டு உற்பத்தி: சிங்கப்பூர் 90,000 டாலரை ஒட்டி. பூட்டான் 4,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. (இந்தியாவைவிட இது அதிகம், பலருக்குத் தெரியாது. 2023 டிசம்பரில் ‘மிகவும் பின்தங்கிய நாடுகள்’ பட்டியலிலிருந்தே பூட்டான் வெளியே வந்துவிட்டது.) சராசரி ஆயுள் சிங்கப்பூரில் 83, பூட்டானில் அதைவிடப் பத்து வருஷம் போலக் குறைவு.

காடு: பூட்டானில் சுமார் 70 சதவீதம். எக்காலத்திலும் 60 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று 2008 அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். வெளியிடும் கரியமில வாயுவைவிடக் காடு உறிஞ்சுவது அதிகம். சிங்கப்பூரில் மின்சாரத்தில் 95 சதவீதம்போல இயற்கை எரிவாயு. குப்பையை எரித்து, சாம்பலைப் படகில் ஏற்றி, செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். 2035 வாக்கில் அதுவும் நிரம்பிவிடும் என்கிறார்கள்.

அப்புறம் குசும்பனுக்கு ஒரு கெட்ட செய்தி. 2019 உலக மகிழ்ச்சி அறிக்கையில் சிங்கப்பூர் 34ஆம் இடம், பூட்டான் 95. அதற்குப் பின் பூட்டான் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

#4 கோவைக்குசும்பன்

மகிழ்ச்சிக்குப் பேர்போன நாடு 95ஆ? கணக்கில் ஏதோ கோளாறு.

#5 வாத்தியார்_கங்லுங்

1994 முதல் 2001 வரை கிழக்குப் பூட்டானில் கங்லுங் பக்கத்தில் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்போது அங்கே இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர், கேரளத்துக்காரர்கள் அதிகம். தமிழ் பேசக் கிடைத்தால் அன்று தீபாவளி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்கிறேன். ‘மொத்த தேசிய மகிழ்ச்சி’ என்பது ஜனங்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்ற அர்த்தத்தில் சொன்னதில்லை. நாலாவது மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் எழுபதுகளில் சொன்ன கொள்கை அது. ஒரு திட்டம் வந்தால் வருமானத்தை மட்டும் பார்க்காதே, காடு, பண்பாடு, ஆட்சி, ஜனங்களின் நேரம், தூக்கம் எல்லாவற்றையும் பார் என்பதுதான் சாரம். இப்போது அதை ஒன்பது துறைகளாகப் பிரித்து அளக்கிறார்கள். 2022 அளவீட்டில் ‘மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’ என்ற வகையில் வந்தவர்கள் பாதிக்குச் சற்றுக் குறைவு. அரசாங்கமே வெளியிட்ட கணக்கு இது. சுற்றுலா விளம்பரம் எழுதுகிறவர்கள்தான் மீதியைச் சேர்த்துவிட்டார்கள்.

நான் இருந்த வீட்டில் குளிர்காலம் என்றால் புகாரி அடுப்பு. இரும்பு டிரம் மாதிரி இருக்கும், விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், குழாய் வழியாகப் புகை கூரைக்கு மேலே போகும். ஒழுங்காகப் போனால். என் குழாயில் ஒரு ஓட்டை. மூன்று வருஷம் என் சட்டை, புத்தகம், தேர்வுத்தாள் எல்லாம் கருவாட்டு வாசனை. காற்று சுத்தமான நாடு என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வரும். வீட்டுக்கு வெளியே சுத்தம், உள்ளே வேறு கதை.

பையன்கள் இரண்டு மணி நேரம் மலையேறி வருவார்கள். பள்ளிக்கூடம் இலவசம், வைத்தியம் இலவசம், அதை அன்றும் இன்றும் மெச்ச வேண்டும். அங்கே முடியாத வைத்தியம் என்றால் அரசே செலவு செய்து இந்தியாவுக்கு அனுப்பும். கொல்கத்தாவுக்கும் நம்ம வேலூருக்கும். என் மாணவன் ஒருவனின் அப்பாவை அப்படி அனுப்பினார்கள். “சார், உங்கள் ஊரில் சூரியன் ஏன் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?” என்று திரும்பி வந்து கேட்டார்.

1999இல்தான் டிவி வந்தது. அதுவரை மாலையில் பையன்கள் வாலிபாலும் வில்லும் என்று இருந்தார்கள். அந்த வருஷக் கடைசியில் மல்யுத்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ஒருத்தன் இன்னொருத்தனை டெஸ்க்கிலிருந்து தூக்கி எறிந்தான். விசாரித்தால், “டிவியில் எழுந்து நிற்கிறார்களே சார்” என்றான்.

#6 பெர்த்_பாலா

வாத்தியார் ஐயா, உங்கள் மாணவர்களில் சிலர் இப்போது என் தெருவில் இருக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெர்த்தில் முதியோர் இல்லம், சூப்பர்மார்க்கெட் கிடங்கு, துப்புரவு என்று எங்கே பார்த்தாலும் பூட்டான் பிள்ளைகள். 2022–23இல் ஒரே வருஷத்தில் அந்நாட்டு ஜனத்தொகையில் ஏறத்தாழ 1.5 சதவீதம் ஆஸ்திரேலியாவுக்கு வந்ததாகச் செய்தி. வந்தவர்களில் ஆசிரியர், நர்ஸ், சர்க்கார் அதிகாரி எல்லாரும் உண்டு. 2024 அக்டோபரில் அவர்கள் மன்னரே இங்கே வந்து ஜனங்களைச் சந்தித்தார்.

என்னோடு இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண் திம்புவில் அரசு வேலையை விட்டுவிட்டு வந்தவர். கணவர் படிக்கிற விசா, இவர் வேலை. குழந்தை பாட்டியிடம் திம்புவில். இரண்டு வருஷமாக வீடியோ காலில்தான் பார்க்கிறார். மைக்ரோவேவில் எமா தட்ஷி (மிளகாயும் சீஸும் சேர்ந்த குழம்பு) சூடு பண்ணினால் அந்த மிளகாய் நெடியில் மற்ற எல்லாரும் இருமுவார்கள், அவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். நாடு பிடிக்காமலா வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “நாடு பிடிக்கும், சம்பளம் பிடிக்கவில்லை” என்றார்.

2022இல் அங்கே இளைஞர் வேலையின்மை 28 சதவீதத்துக்கு மேல். காட்டை வைத்து என்ன செய்வது?

#7 புளோக்_412

முடிந்தது கதை. காலால் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். குசும்பன் அண்ணே, இருக்கிறீர்களா?

#8 கணக்குப்பிள்ளை

சிங்கப்பூர் ஜெயித்துவிட்டது என்று அவசரப்படாதீர்கள், புளோக் சார். பூட்டானின் பிரச்சினை காடு இல்லை, ஒரே சரக்கை ஒரே வாடிக்கையாளருக்கு விற்பதுதான். சரக்கு நீர்மின்சாரம், வாடிக்கையாளர் இந்தியா.

சுக்கா அணைத் திட்டம் 336 மெகாவாட், எண்பதுகளில் முடிந்தது. அதில் இந்தியா 60 சதவீதத்தை மானியமாகவே கொடுத்தது, மீதிக்கு 5 சதவீத வட்டி. 2019இல் முடிந்த மங்தேசுவில் மானியம் 30 சதவீதம், கடன் 70, வட்டி 10. புனத்சாங்சு-1 என்று ஒன்று, 1,200 மெகாவாட். 2008இல் தொடங்கினார்கள். 2013இல் அணை கட்டுமிடத்தின் வலது கரை மலையே நகர ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் இழுபறிதான், செலவு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. நாட்டின் கடன் மொத்த உற்பத்தியையே தாண்டி நிற்பதற்குப் பெரிய காரணம் இந்த அணைகள்.

இன்னொரு கூத்து: குளிர்காலத்தில் ஆற்றில் தண்ணீர் குறையும், அப்போது இந்தியாவிடமிருந்தே மின்சாரம் வாங்குகிறார்கள். நடுவில் அரசு நிறுவனமே மிச்ச மின்சாரத்தை வைத்துப் பிட்காயின் தோண்டியது. 2024 கடைசியில் அந்தக் கையிருப்பின் மதிப்பு நூறு கோடி டாலரைத் தாண்டியது. புத்த மடத்துக்குப் பின்னால் பிட்காயின் சுரங்கம், யார் நினைத்தார்கள்?

கார் விஷயம் எனக்குப் பிடித்த ஒப்பீடு. சிங்கப்பூரில் கார் வாங்க முதலில் பத்து வருஷ உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு அது 1,50,001 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). காருக்கில்லை, அந்தச் சான்றிதழுக்கு மட்டும். பூட்டான் 2022 ஆகஸ்டில் வாகன இறக்குமதியையே நிறுத்திவைத்தது. ஒருவரிடம் ரோடு இல்லை, இன்னொருவரிடம் டாலர் இல்லை.

#9 ஒஹையோ_மாமி

இவ்வளவு பேசுகிறீர்கள், யாருமே லோட்ஷம்பாக்களை, அதாவது தெற்குப் பூட்டானின் நேபாளி வம்சத்தினரைப் பற்றிச் சொல்லவில்லையே?

நான் கொலம்பஸில் இருக்கிறேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் ‘பூட்டானியர்கள்’, ஆனால் பேசுவது நேபாளி, கும்பிடுவது சிவன். தெற்குப் பூட்டானில் தலைமுறையாக ஏலக்காயும் ஆரஞ்சும் பயிர் செய்தவர்கள். 1985 குடியுரிமைச் சட்டம், அப்புறம் 1988 கணக்கெடுப்பு, 1958இல் இங்கேதான் இருந்தாய் என்பதற்கு ரசீது காட்டு என்றார்கள். எல்லாரும் தேசிய உடைதான் உடுத்த வேண்டும் என்றார்கள். எதிர்ப்பு வந்தது, அடக்குமுறை வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் நேபாள முகாம்களுக்குப் போனார்கள். அந்த நாட்டு ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்கு என்கிறார்கள். 2007க்குப் பிறகு அமெரிக்காவும் மற்ற நாடுகளும் எடுத்துக்கொண்டன.

பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னும் நிலவரி ரசீதை பிளாஸ்டிக் கவரில் போட்டு, பெருமாள் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். ஒருநாள் எனக்கு எடுத்துக் காட்டினார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து போயிருக்கிறது. டேப் ஒட்டித் தருகிறேன் என்றேன், தொடவிடவில்லை.

அங்கே மகிழ்ச்சியை அளந்தபோது இவரை யார் கேட்டார்கள்?

#10 வாத்தியார்_கங்லுங்

மாமி சொல்வது உண்மை. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் காயம் ஆறவில்லை. ஆசிரியர் அறையில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், நாங்களும் வெளிநாட்டுக்காரர்கள், வாயை மூடிக்கொண்டு இருந்தோம். பெருமைப்படுவதற்கு இல்லை.

#11 துவாஸ்குமார்

ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

ஊர் பட்டுக்கோட்டை. 2011இலிருந்து 2021 வரை சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட். ஏஜென்ட்டுக்குக் கட்டிய காசு வட்டிக்கு வாங்கியது. அதை அடைக்க இரண்டு வருஷம் ஆனது. நாள் சம்பளம் 18 வெள்ளி, ஓவர்டைம் இருந்தால்தான் கையில் நிற்கும். ரூமில் பன்னிரண்டு பேர், இரண்டு அடுக்குக் கட்டில். காலையில் நாலரைக்கு சாப்பாட்டுப் பொட்டலம் வரும், மதியத்துக்கும் சேர்த்து. வெயிலில் சைட்டில் கிடந்து பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சாம்பார் நூல் விடும். மேலே மிதக்கிறதை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவோம். லாரிக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போவது. மழை வந்தால் தார்ப்பாய் இழுத்துக்கொள்வோம். புளோக் அண்ணன் இருக்கிற மாதிரி வீடு நாலைந்து கட்டியிருக்கிறேன். உள்ளே லிஃப்ட்டில் ஏறியது வேலை முடிகிற வரைக்கும்தான்.

2020 ஏப்ரலில் விடுதியைப் பூட்டினார்கள். சாப்பாடு வந்தது, சம்பளமும் வந்தது, காய்ச்சல் வந்தபோது நல்ல ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், காசு வாங்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் ஊரெல்லாம் திறந்த பிறகும் எங்களை வெளியே விடவில்லை. தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா பக்கம்) போய் ஒரு டீ குடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். அதற்குள் ஊருக்கு வந்துவிட்டேன்.

அந்தக் காசில்தான் மகள் இன்ஜினியரிங் முடித்தாள். வீடும் கட்டினேன். நல்ல ஊரா கெட்ட ஊரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ரோட்டில் ஒருத்தன் என்னை அடித்ததில்லை, சம்பளத்தை ஏமாற்றினால் புகார் கொடுக்க இடம் உண்டு. ஆனால் நாங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியாத மாதிரியே இருப்பார்கள்.

#12 கணக்குப்பிள்ளை

குமார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் பழைய பதிவைத் திரும்பப் பார்த்தேன். சிங்கப்பூரில் முழுநேர வேலை செய்கிறவர்களின் நடுத்தரச் சம்பளம் 2024இல் மாதம் 5,500 வெள்ளி, முதலாளி கட்டும் சேமநிதியும் சேர்த்து. சொந்த வீடு 90 சதவீதம். இரண்டுமே குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு மட்டும் எடுத்த கணக்கு. மொத்த ஜனத்தொகையில் பத்தில் மூன்று பேர் அதற்கு வெளியே. நீங்கள் கட்டிய வீடு கணக்கில் இருக்கிறது, நீங்கள் இல்லை.

2020 ஏப்ரலில் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள். அந்த வருஷக் கடைசியில் பரிசோதனைகளைக் கூட்டிப் பார்த்தால் அவர்களில் பாதிக்கு அருகில் தொற்று வந்து போயிருந்தது.

பூட்டானிலும் இதே கதைதான். மலைப்பாதைகளை 1961 முதல் போட்டது நம் எல்லைச் சாலை நிறுவனத்தின் ‘தந்தக்’ திட்டம். கல் உடைத்தவர்கள் பெரும்பாலும் நம் நாட்டு ஏழைகள், நேபாளிகள். ரோட்டோரத் தகரக் கொட்டகைகளைக் குசும்பன் பார்த்திருப்பார்.

#13 கோவைக்குசும்பன்

பார்த்தேன். திம்பு போகிற வழியில். ஒரு அம்மா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தார். டிரைவரிடம் கேட்டேன், ஜார்க்கண்ட் பக்கம் என்றார். அடுத்த வளைவில் அருவி வந்தது, எல்லாரும் போட்டோ எடுக்க இறங்கிவிட்டோம். இப்போது ஞாபகம் வருகிறது.

#14 புளோக்_412

குமார் தம்பி, எங்கள் புளோக்கில் காலையில் பெருக்குகிறவர் பங்களாதேஷ்காரர். ஏழெட்டு வருஷமாக ‘ஹலோ’ சொல்லிக்கொள்கிறோம். பேர் தெரியாது. நேற்று உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கேட்கலாம் என்று இறங்கினேன், ஆள் மாறிவிட்டார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். குறை எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளை பெறுவது 2023இலேயே ஒரு பெண்ணுக்கு 0.97க்கு இறங்கிவிட்டது. ஆட்கள் வராவிட்டால் இந்த ஊர் நிற்காது. அதை ஒத்துக்கொண்டுதான் பேச வேண்டும். புகைமூட்டமும் அப்படித்தான்: 2013 ஜூனில் சுமாத்ராக் காட்டுத்தீயால் காற்று மாசுக் குறியீடு 401 தொட்டது, அண்டை வீட்டுக் காற்றை நாம் எப்படித் தடுக்க முடியும்?

#15 வாத்தியார்_கங்லுங்

இந்த இரண்டு நாடும் இப்போது ஒரு இடத்தில் சந்திக்கின்றன. அஸ்ஸாம் எல்லையில் கெலெபு. அங்கே ‘மைண்ட்ஃபுல்னெஸ் சிட்டி’ (மனவிழிப்பு நகரம்) என்று ஒன்றைக் கட்டப்போவதாக மன்னர் 2023 டிசம்பரில் அறிவித்தார். தனி நிர்வாகம், தனிச் சட்டம், புது விமான நிலையம். வெளிநாடு போன பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடத்தான் இது. அந்த நகரத்துக்கான முதல் சட்டத்தில் சிங்கப்பூரின் வணிகச் சட்டங்கள் பலவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அபுதாபியின் நிதி விதிகளும் உண்டு. யானை வழித்தடங்கள் குறுக்கே போவதால் அதை விட்டுக் கட்டுவதாகத் திட்டம். செய்தியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். நாம் இங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்து மண்டையை உடைக்கிறோம், பூட்டான்காரர் போய்ச் சிங்கப்பூர்ச் சட்டப் புத்தகத்தை வாங்கி வந்துவிட்டார்.

பிள்ளைகள் திரும்புவார்களா என்பது சம்பளத்தைப் பொறுத்தது. பாலா சொன்ன பெண் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

#16 ஒஹையோ_மாமி

கெலெபுவா? பாட்டியின் ரசீதில் போட்டிருப்பது கெலெபுவுக்குப் பக்கத்து ஊர்.

#17 துவாஸ்குமார்

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கேள்வி. என் தங்கச்சி மகன் ஐடிஐ வெல்டர் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். சிங்கப்பூருக்கு ஏஜென்ட் கேட்கிற காசு எங்களால் முடியாது. அந்தக் கெலெபு வேலைக்கு நம்ம ஊர் ஆட்களை எடுப்பார்களா? பாஸ்போர்ட் வேண்டாம், வாக்காளர் அட்டை போதும் என்கிறார்களே. குளிர் எப்படி, கம்பளி எல்லாம் வாங்க வேண்டுமா?

#18 வாத்தியார்_கங்லுங்

தம்பி, வாக்காளர் அட்டை சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. வேலைக்கு என்றால் அங்கே எடுக்கிற கம்பெனி தனி அனுமதி வாங்க வேண்டும், அது கையில் வராமல் யாருக்கும் காசு கட்டாதீர்கள். பெரும்பாலும் வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்ட் ஆட்கள்தான் போகிறார்கள். தமிழ் பேச ஆள் இருக்காது, இந்தி கொஞ்சம் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கெலெபு அடிவாரம். ஆயிரம் அடி உயரம்கூட இருக்குமோ என்னவோ. ஜூனில் நம்ம பட்டுக்கோட்டை மாதிரியே புழுங்கும். கம்பளி வேண்டாம், கொசுவலை வாங்கிக் கொடுங்கள்.